வயித்துப் புள்ளைக்கு ஒரு பங்கு

அந்தக் கறுப்புப் பையில என்ன தம்பி, கறியா? வாசமெல்லாம் ஒண்ணும் வரல. காலுக்கடியில வைக்கிறீங்க, மடிக்கு எடுக்குறீங்க, கம்பியில மாட்டப் பாக்குறீங்க, அதான் கேட்டேன். கோழியா? பிராய்லரு. ஞாயித்துக்கிழமை அது இல்லாம எப்படி.

தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். அந்தக் கோழிய நீங்க உசுரோட பாத்தீங்களா? பாக்கல. கடைக்காரரு உள்ள போனாரு, நீங்க போனப் பாத்துக்கிட்டு நின்னீங்க, பை வந்துச்சு. அம்புட்டுத்தான். நான் குத்தம் சொல்லல தம்பி. ஊரு உலகமே அப்படித்தான் திங்குது. எங்க ஊருல அப்படிக் கெடையாது. நாங்க திங்கிற கறி எங்கேருந்து வந்துச்சு, எப்படி ஓடுச்சு, யாரு புடிச்சா, எல்லாம் தெரிஞ்சுதான் வாயில வைப்போம். அப்பேர்ப்பட்ட ஊருல என் மருமக என்னையத் தலகுனிய வச்சுட்டா. நாலு மாசமா நான் டீக்கடைப் பக்கம் போறதில்ல. நீங்க புதுக்கோட்டைக்குத்தானே? நானும் அங்கதான். அவளத்தான் பாக்கப் போறேன்.

எம்பேரு அடைக்கலம். பொன்னமராவதிக்கு அந்தால வேலங்குளப்பட்டி. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பஸ்ஸே மனசு வந்தாத்தான் வரும். எங்க ஊருல சிவராத்திரி முடிஞ்சு பாரி வேட்டைக்குப் போவோம். மொயலு. கொஞ்சம் கிட்ட வாங்க, கண்டக்டரு காதுல விழப்போவுது. இப்ப அதெல்லாம் கூடாதுங்குறாக. பாரஸ்ட்டு ஆளுக வந்து ஒவ்வொரு வருசமும் தண்டோராப் போடாத கொறையாச் சொல்லிட்டுப் போறாக. சாமி காரியம், நாங்களும் சும்மா பேருக்குப் போயிட்டு வர்றதுதான். பேருக்குன்னாலும் ஊருல அத்தன ஆம்பளையும் போவோம்.

வேட்டைன்னா நீங்க என்னமோ துப்பாக்கி, வலை, கண்ணின்னு நெனைப்பீங்க. அதெல்லாம் திருட்டுப்பயலுக சோலி. எங்க வேட்டைக்கு ஒரு ஞாயம் இருக்கு. கையில கம்பு, கூட நாயி. அம்புட்டுத்தான். படுத்திருக்கிற மொயல அடிக்கக் கூடாது. எழுப்பி விடணும். அது ஓடணும், நாயும் ஓடணும். தப்பிச்சிருச்சா, கும்புட்டு அனுப்பணும். அப்புறம் சினை மொயலத் தொடக் கூடாது. ஓட்டத்துலயே தெரிஞ்சுபோவும், பின்னால ஒரு கனம் தெரியும். அப்பவே நாயக் கூப்புட்டுரணும். தெரியாமப் புடிச்சுட்டா, தோலக்கூட உரிக்காம முழுசாப் பொதச்சுட்டு, பழுதுன்னு ஊருக்குச் சொல்லிரணும். இதெல்லாம் பாக்குறதுக்கு ஒரு ஆளு. முன்னோடும்பிள்ளைன்னு சொல்லுவாக. எங்கப்பாவுக்கு அப்புறம் நான்தான்.

சாயங்காலம் அய்யனாரு கோயில் பொட்டல்ல ஊரே கூடி நிக்கும். நான் முன்னால நின்னு சொல்லணும்: "படுத்ததப் புடிக்கல. சினையப் புடிக்கல. ஊரு எடுத்துக்கலாம்." இத நான் சொன்னாத்தான் ஊருத் தலைவரு, அதான் அம்பலகாரரு, பங்கு வைப்பாரு. வீட்டுக்கு ஒரு பங்கு. வந்தவன், வராதவன், படுத்த படுக்கையா கெடக்குறவன், எல்லாத்துக்கும் ஒரே அளவு. நாய்க்கு ஒரு பங்கு. அப்புறம் ஊருல எவளாச்சும் முழுகாம இருந்தா, அவ வயித்துப் புள்ளைக்கு ஒரு பங்கு தனியா. பொறக்கலைன்னா என்ன, அதுவும் ஊருக்காரந்தானே? எந்தக் கடையில தம்பி இப்படிக் கறி கெடைக்கும்?

என் மருமக பேரு வினோதினி. புதுக்கோட்டைப் பொண்ணு. எம்மகன் பாலகுருவுக்குப் போன வருசம் கட்டுனோம். நல்ல பொண்ணுதான், இல்லைங்கல. அவுக அம்மா வீட்டுலயும் கறி திங்கிறவுகதான். ஆனா கடைக்கறி. எங்க வீட்டுக்கு வந்த புதுசுல நாட்டுக்கோழி அறுக்கயில உள்ள போயிக் கதவச் சாத்திக்குவா. கொழம்பு கொதிச்சதும் வெளிய வருவா. நான்கூடக் கேலி பண்ணுவேன், "ஏந்தாயி, ஒனக்குக் கோழி கொழம்புலயே பொறந்துச்சா?"ன்னு. சிரிப்பா. அப்புறம் கேக்க ஆரம்பிச்சா. வேட்டை எப்படி, யாரு போவாக, மொயலுக்கு என்ன தெரியும், நாய்க்கு என்ன தெரியும்னு. நான் ஞாயமெல்லாம் சொல்லுவேன். உக்காந்து கேப்பா. ஒருநாளு சொன்னா, "மாமா, நீங்க சொல்றதப் பாத்தா அந்தக் கறிய நான் கதவச் சாத்தாமத் திம்பேன் போலருக்கு"ன்னு. எனக்கு அம்புட்டுப் பெருமை. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

இந்த மாசியில அவளுக்கு அஞ்சு மாசம். ஊருலயே இந்த வருசம் முழுகாம இருந்தது அவ ஒருத்திதான். அப்ப அந்தத் தனிப் பங்கு யாருக்கு? எங்க வீட்டுக்கு. எம்பேரப்புள்ளைக்கு. எங்கையால தூக்கிட்டு வந்து கொடுக்கணும்னு நான் தை மாசத்துலேருந்து கனாக் கண்டுக்கிட்டு இருந்தேன்.

ஆனா காட்டுல என்ன இருக்கு? பாதிக் காட்டத் தைலமரமாக்கிட்டாக. மீதிக் காட்டுல கருவை. அதுக்கு முந்துன வருசமே வெறுங்கையோட வந்தோம். மழையும் பெய்யல. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டு, அய்யனாருக்குக் காட்டாமப் போனதாலதான்னு ஊருல பேச்சு. எளவட்டம் ஒருத்தன் சொல்றான், "அண்ணே, பண்ணையில வளப்பு மொயலு விக்கிறான், ரெண்டு வாங்கிப் பங்கு வச்சுருவோமே"ங்குறான். வெள்ள மொயலு! கூண்டுல பொறந்து கூண்டுல தின்னு ஓடவே தெரியாத ஐட்டம். எனக்கு வந்த கோவத்துக்கு அவனக் கம்பாலயே சாத்தியிருப்பேன். "அய்யனார ஏமாத்தச் சொல்றியாடா?"ன்னு கேட்டேன். பொட்டல்ல அத்தன பேருக்கும் முன்னால கேட்டேன்.

இந்த வருசமும் உச்சி வரைக்கும் ஒண்ணும் ஆப்புடல. பயலுக ஒவ்வொருத்தனாக் கண்மாய்க் கரைப் பக்கம் நெழலுக்குப் போயிட்டானுக. நானும் எங்க நாயி செம்பட்டையும் மட்டும் மேக்க ஓடைப்பக்கம் போனோம். ஒரு ஆவாரஞ் செடி தூருலேருந்து எந்திரிச்சுச்சு பாருங்க ஒரு மொயலு! என்னா ஓட்டம்! அப்படி வளைஞ்சு, இப்படி வளைஞ்சு, பாறையத் தாண்டி... செம்பட்டையும் விடல. புடிச்சுருச்சு. ஒரே மொயலு. அந்த ஒத்த மொயல வச்சு ஊரோட மானத்தக் காப்பாத்துனேன்.

வழக்கமா உரிக்கிறது ரெண்டு மூணு பேரு சேந்து. அன்னைக்கு எல்லாரும் களைச்சுப் போயி இருந்தானுக. நானே எங்க மோட்டாரு ரூமுக்குப் பின்னால வச்சு உரிச்சு, கொடலு கிடலு எல்லாம் அங்கனயே பொதச்சுட்டு, துண்டுல கட்டித் தூக்கிட்டுப் போனேன். பொட்டல்ல கொலவச் சத்தம் பாக்கணுமே. ஒத்த மொயல ஊருக்கே பங்கு வச்சா என்ன வரும்? சுண்டுவெரலு தண்டி. ஆனா வயித்துப் பசிக்கா திங்கிறோம்? நான் முன்னால போயி நின்னு, எப்பவும் சொல்ற மாதிரி சொன்னேன். அம்பலகாரரு பங்கு வச்சாரு. எங்க வீட்டுப் பங்கு, வயித்துப் புள்ளைப் பங்கு, ரெண்டையும் பூவரச எலையில மடிச்சு எங்கையில கொடுத்தாரு.

வீட்டுக்குப் போறேன், மருமக வாசல்ல நிக்கிறா. மொகமே செரியில்ல. கையில மண்ணு. நான் எலைய நீட்டுறேன், "ஏந்தாயி, எம்பேரன் பங்கு"ன்னு. அவ வாங்கல. எம்மொகத்தையே பாத்தா. பாத்துட்டு, "மாமா, அது சினை மொயலா?"ன்னு கேட்டா.

எப்படி இருக்கும் சொல்லுங்க. முன்னோடும்பிள்ளையப் பாத்து, நேத்து வந்த பொண்ணு, வாசல்ல வச்சு. எம்பொண்டாட்டி வள்ளிமயிலு அடுப்படியில இருக்கா, மகன் மாட்டுக்குத் தண்ணி காட்டுறான். நான் சொன்னேன், "என்னா பேச்சு பேசுற? சினைய நாங்க தொடுவமா?"ன்னு. மறுபடியும் அதே கேள்வி. மெதுவாத்தான் கேட்டா. "மாமா, நீங்க சொன்னா நான் நம்பிக்கிறேன். அது சினை மொயலா?" எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. "ஒன் வயித்துல இருக்குற புள்ள மேல சத்தியமா இல்லத்தா"ன்னு சொல்லிட்டேன்.

"சரிங்க மாமா"ன்னா. எலைய வாங்கிக்கிட்டா. அப்பாடான்னு நான் செருப்பக்கூடக் கழட்டல, அதுக்குள்ள அவ எலையோட தெருவுல எறங்கி நடக்குறா. நேரா பொட்டலு. இன்னும் ஆளுக கலையல. எல்லாரும் பாக்க, ரெண்டு பங்கையும் கொண்டுபோயி அம்பலகாரரு முன்னால வச்சுட்டா. எங்க ஊருல பங்கு திரும்பி வந்ததே கெடையாது தம்பி. சண்டக்காரன் வீட்டுக்குப் போன பங்குகூடத் திரும்புனதில்ல. நான் பின்னாலயே ஓடுறேன், வேட்டியக்கூடச் சரியாக் கட்டல. அம்பலகாரரு கேக்குறாரு, "ஏம்மா, என்ன கொறை? கறியில பழுதா?"ன்னு.

அவ என்னையப் பாத்தா. ஊரே அவளப் பாக்குது, அவ என்னையப் பாக்குறா. அப்புறம் சொன்னா, "ஒண்ணுமில்லைங்கய்யா. எனக்குக் குமட்டுது, அதான்."

அம்புட்டுத்தான். அந்த ஒரு வார்த்தைக்கு எங்க ஊரு பொம்பளைக அவள என்ன பாடுபடுத்துனாளுகங்குறீங்க? டவுன்காரி, திமிரு புடிச்சவ, அய்யனாரு பங்க எச்சிலத் தள்ளுற மாதிரி தள்ளிட்டா. மழை பெய்யல, அதுவும் இவளாலதான். எம்பொண்டாட்டி ஒரு மாசம் அவகூட மொகங்கொடுத்துப் பேசல. வளைகாப்புக்கு ஊருல பாதிப் பொம்பளைக வரவே இல்ல. அடுக்கி வச்ச கண்ணாடி வளையலு அப்படியே இருக்கு, போட்டுவிட ஆளில்ல. அவ பாட்டுக்குத் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தா. அழக்கூட இல்ல. நான் தூரமா வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தேன். நான் என்ன செய்ய? பொம்பளைக வெவகாரம்.

அப்படி என்னையத் தலகுனிய வச்சவ தம்பி அவ.

இல்ல... ஏன் என்னைய அப்படிப் பாக்குறீங்க?

சரி, கேளுங்க. நீங்க யாரோ நான் யாரோ, எறங்குனா முடிஞ்சுச்சு. அந்த மொயலு ஓடல தம்பி. ஓட்டம்னு சொன்னனே, ஓடல. எந்திரிச்சுச்சு, ரெண்டு பாத்தி தூரம் போச்சு, பின்னால ஒரு கனம். எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. செம்பட்டைகூட எம்மொகத்தத் திரும்பிப் பாத்துச்சு. அதுக்கும் பழக்கம்தானே, நான் கூப்புடுவேன்னு நின்னுச்சு. நான்தான் "ச்சூ"ன்னு ஏவிவிட்டேன். உள்ள ரெண்டு குட்டி இருந்துச்சு. மயிரு மொளைச்சிருந்துச்சு, கண்ணு மூடியிருந்துச்சு. இன்னொரு வாரத்துல வெளிய வந்து ஓடியிருக்கும். அதப் பாத்துட்டுத்தான் மத்தவன் வர்றதுக்கு முன்னால அவசர அவசரமாத் தோண்டிப் பொதச்சேன். ஆழமாத் தோண்ட நேரமில்ல.

மறுநாளு காலையில மோட்டாரு போடப் போனேன். பொதச்ச எடம் கெளறிக் கெடக்கு. நாயி கெளறியிருக்கும், சரி. நான் பொட்டல்ல நிக்கயில செம்பட்டை ஒரு குட்டிய எடுத்துட்டு வீட்டு வாசலுக்கே போயிருக்கு, அது அப்பத்தான் எனக்கு வெளங்குது. ஆனா பக்கத்துல புதுசா ஒரு குழி, நல்ல ஆழமாத் தோண்டி மூடி, மேல ஒரு கல்லு வச்சிருக்கு. கல்லு மேல ஒரு கிள்ளு மல்லியப்பூ. நாயி கெளறும் தம்பி. நாயி பூ வைக்குமா?

அப்ப அவ என்னையக் கேக்கும்போதே அவளுக்குத் தெரியும். கையில வச்சுப் பாத்துட்டுத்தான், பொதச்சுட்டுத்தான் வாசல்ல வந்து நின்னுருக்கா. கையில மண்ணு இருந்துச்சே. அஞ்சு மாசத்து வயித்தத் தூக்கிக்கிட்டு ஒருத்தி அதக் குனிஞ்சு பொதச்சுட்டு வந்து, நீங்க சொன்னா நம்பிக்கிறேன்னு கேக்குறா. நான் அவ வயித்து மேல சத்தியம் பண்றேன். நான் என்ன மனுசன்?

அதுக்கப்புறமும் வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போற வரைக்கும் ஒரே வீடு. அவ ஒரு வார்த்தை கேக்கல. புருசன்கிட்டயும் சொல்லல, அம்மா வீட்டுலயும் சொல்லல. எனக்குச் சோறு போட்டா, மாத்திரை எடுத்துக் கொடுத்தா. பொட்டல்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம்பொழப்பு நாறிப்போயிருக்கும். ஏச்சையெல்லாம் அவளே வாங்கிக்கிட்டா. நான் வாங்க விட்டேன். ஒருத்தி வாய அடக்கி எம்மானத்தக் காப்பாத்துறா, நான் என்னடான்னா அவளாலதான் மானம் போச்சுன்னு பஸ்ஸுல வர்ற ஒங்ககிட்ட வரைக்கும் சொல்லிக்கிட்டு வர்றேன். வெக்கங்கெட்டவன்.

இன்னைக்கு விடியக்காலம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில பொம்பளைப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. நல்லா இருக்காகன்னு மகன் சொன்ன பொறவுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. இந்த நாலு மாசமும் ஒவ்வொரு ராத்திரியும் நான் எதுக்குப் பயந்தேன்னு அய்யனாருக்குத்தான் தெரியும். அப்புறம் மகன் சொல்றான், "அப்பா, சேனை நீங்க வந்துதான் தொட்டு வைக்கணுமாம். வினோதினி யாரையும் வைக்க விடல. அவுக அம்மா கேட்டாக, சித்தப்பா கேட்டாரு. எங்க மாமா வரட்டும்னு சொல்லிருச்சு"ங்குறான்.

ஒங்க பக்கம் சேனை வைக்கிறது உண்டா? பொறந்த புள்ளைக்கு மொதமொதல்ல ஒருத்தரு சீனித் தண்ணியோ தேனோ வெரலால தொட்டு ஒதட்டுல வைக்கிறது. யாரு வைக்கிறாகளோ அவுக கொணம்தான் புள்ளைக்கு வரும்பாக. நர்சம்மா எதுவும் கொடுக்கக் கூடாதுன்னுதான் சொல்லுமாம். சும்மா ஒதட்டுல ஒத்துனாப் போதும்னு மருமக சொல்லியிருக்கா. பாருங்க, இந்தச் சட்டைப்பையில இருக்கு, சின்னச் சீசாவுல தேனு. மகன் பயலு ஒண்ணும் தெரியாம போன்ல சிரிக்கிறான். "ஒங்க மேல அதுக்கு அம்புட்டு மருவாதைப்பா. புள்ள ஒங்கள மாதிரி வாக்குத் தவறாம வளரணுமாம்"ங்குறான்.

அவ சொன்னாளா, அவனாச் சேத்துக்கிட்டானா, தெரியல. வேணாம்னு ஒதுக்கியிருந்தா நான் கூட்டத்தோட போயி எட்டிப் பாத்துட்டு வந்திருப்பேன். கூப்புட்டுட்டாளே. எந்தப் புள்ள மேல பொய்ச்சத்தியம் பண்ணுனனோ அதே புள்ள ஒதட்டுல என் வெரல வைக்கச் சொல்றாளே. நான் அத வாயத் தொறந்து சொல்லாம வச்சா, எங்கொணம் அதுக்குப் போயிரும். சொல்லிட்டு வச்சா, அந்த அறையில அவுக ஆத்தா அப்பன், எம்பொண்டாட்டி, மகன், அத்தன பேரும் இருப்பாக. சாயந்தரத்துக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சுரும். முன்னோடும்பிள்ளையும் போச்சு, அப்பன் பேரும் போச்சு. போனாப் போகட்டும். அந்தப் பொம்பளைக அவளப் பேசுன பேச்சாவது நிக்குமே.

மச்சுவாடி தாண்டிருச்சா? வந்துருச்சே, கிட்ட வந்துருச்சே.

தம்பி, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. சிரிக்காதீங்க. நாலு மாசமா ராத்திரியில படுத்துக்கிட்டு நானே கேட்டு நானே பதிலு சொல்லிப் பாக்குறேன், வாயில வர மாட்டேங்குது. நீங்க அவ மாதிரி ஒரு தடவ கேளுங்க. மாமா, அது சினை மொயலான்னு கேளுங்க. சும்மா கேளுங்க, யாரும் பாக்கல.

...

ம்... அது வந்து தாயி... அன்னைக்கு வெயிலு, பயலுகெல்லாம் களைச்சுப்போயி...

இல்ல இல்ல. இது இல்ல. இன்னொரு தடவ கேளுங்க தம்பி. பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள திரும்புது.